சாணமா, புழுக்கையா, மலமா?

மாடு போட்டால் சாணம், ஆடு போட்டால் புழுக்கை, கழுதை போட்டால் விட்டை, யானை போட்டால் இலத்தி, பறவை போட்டால் எச்சம். கழிவின் பெயரிலேயே விலங்கைச் சொல்லிவிடுகிறது தமிழ். மழையில் கரைந்து ஓடையில் சேர்ந்தபின் இந்தப் பெயர்களெல்லாம் அழிந்துபோகின்றன. நீர்ப் பரிசோதனை அறிக்கையில் மிஞ்சுவது ஒரே வரி: 100 மில்லிலிட்டரில் இத்தனை கோலிஃபார்ம் பாக்டீரியா. அது எந்த உடம்பிலிருந்து வந்தது என்று அந்த எண் சொல்லாது.

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையின் அடியிலுள்ள அமிர்தியை நினைத்துப் பார்த்தால் இக்கேள்வியின் சிக்கல் புரியும். காட்டில் மான் மேய்கிறது. 1967இல் தொடங்கப்பட்ட சிறு விலங்கியல் பூங்காவிலும் புள்ளிமான்கள் உண்டு. மலையில் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் இருக்கின்றன. ஆடு, மாடு, கோழி வளர்ப்பு அவர்கள் பிழைப்பின் ஒரு பகுதி. விடுமுறை நாட்களில் அருவியில் குளிக்கக் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். இத்தனை உயிர்களுக்கும் நீர்வழி ஒன்றே.

மூலம் தெரிந்தால்தான் பரிகாரம் சொல்ல முடியும். மனித மலம் என்றால் கழிப்பறையும் அதன் பராமரிப்பும் தேவை. மாட்டுச் சாணம் என்றால் தண்ணீர்த் தொட்டியை ஓடையிலிருந்து தள்ளிக் கட்டலாம், கரையோரம் வேலி போடலாம். காட்டு மானின் புழுக்கை என்றால் செய்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. நீரைச் சுத்திகரித்துக் குடிப்பதே வழி. ஓடையில் கலந்தது யாருடைய கழிவு என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு மேலாகப் பலர் பல விடை சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் எது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணிப் பார்த்த காலம்

ஈ. கோலை என்று இன்று நாம் அழைக்கும் பாக்டீரியாவை 1885இல் தியோடோர் எஷரிக் குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்தார். குடலில் வாழும் உயிர் நீரில் தென்பட்டால் அங்கே மலம் கலந்திருக்க வேண்டும் என்ற எளிய தருக்கம் விரைவில் சோதனை முறையாயிற்று. வெப்ப இரத்த விலங்குகளின் குடலிலிருந்து வந்த கோலிஃபார்மைப் பிரித்தறிய 46 டிகிரி வெப்பத்தில் வளர்த்துப் பார்க்கும் முறையை 1904இல் ஐக்மன் முன்வைத்தார். பின்னாளில் உயிர்ச்சத்து ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற அதே ஐக்மன்தான் அவர். ஆனால் மனிதனும் வெப்ப இரத்த உயிர், மாடும் வெப்ப இரத்த உயிர். எனவே மூலம் எது என்ற கேள்வி அப்படியே நின்றது.

ஐரோப்பிய அளவுகோல் இந்திய நீருக்கு அப்படியே பொருந்தாது என்ற குரலும் பழையதுதான். இந்திய மருத்துவப் பணியில் இருந்த கிளெமெஷா, வெப்பமண்டல நாடுகளின் மேற்பரப்பு நீரில் வாழும் பாக்டீரியா பற்றி 1912இல் ஒரு நூலே எழுதினார். வெயில் கொளுத்தும் ஏரியிலும் ஆற்றிலும் பாக்டீரியா பிழைப்பதும் மடிவதும் இங்கிலாந்தில் நடப்பதுபோல் நடக்காது என்பது அவர் வாதத்தின் சாரம். பிற்காலத்தில் ஹவாய், புவேர்ட்டோ ரிக்கோ போன்ற தீவுகளில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின: வெப்பமான ஈர மண்ணில் ஈ. கோலை மலத்தின் துணையின்றியே நிலைத்து வாழ்கிறது. அப்படியானால் மழைக்குப்பின் ஓடையில் ஏறும் எண்ணிக்கையில் ஒரு பங்கு மண்ணிலிருந்தும் ஓடைப் படுகையின் வண்டலிலிருந்தும் வந்திருக்கலாம்.

எண்ணிக்கையைக் கொண்டே மூலத்தையும் சொல்லிவிடும் முயற்சிகளில் பெயர்பெற்றது, 1969இல் கெல்ட்ரைக்கும் கென்னரும் பரிந்துரைத்த விகிதம். மலக் கோலிஃபார்ம் எண்ணிக்கையை மல ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை 4க்கு மேல் வந்தால் மனிதக் கழிவு, 0.7க்குக் கீழே வந்தால் விலங்குக் கழிவு. கணக்கு எளிமையாக இருந்ததால் பாடநூல்களில் நெடுநாள் இடம்பிடித்தது. அதன் கோளாறு, இரண்டு பாக்டீரியாவும் நீரில் ஒரே வேகத்தில் மடிவதில்லை என்பது. காலையில் மனிதக் கழிவைக் காட்டிய விகிதம் இரண்டு நாள் கழித்து விலங்குக் கழிவைக் காட்டக்கூடும். அதனால் இம்முறை கைவிடப்பட்டது.

இந்தியக் கிராமங்களுக்கென உருவான எளிய சோதனை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1982இல் மஞ்சா, மௌரியா, ராவ் ஆகியோர் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனையில், குப்பியில் ஊற்றிய நீர் கறுத்தால் மலக் கலப்பு இருக்கலாம் என்று பொருள். ஆய்வுக்கூடம் இல்லாத ஊரில் அதன் பயன் பெரிது. ஆனால் சாணத்துக்கும் மலத்துக்கும் குப்பி ஒன்றுபோலவே கறுக்கும்.

நூலகம் சேர்த்தவர்கள்

1990களில் வேறொரு சிந்தனை எழுந்தது. ஒரு வட்டாரத்து மனிதர், மாடு, நாய், பறவை ஆகியவற்றின் கழிவிலிருந்து ஈ. கோலையைத் தனித்தனியே வளர்த்து, ஒவ்வொன்றின் அடையாளத்தையும் பதிந்து ஒரு நூலகம் அமைப்பது; ஓடையில் கிடைக்கும் பாக்டீரியாவை அந்நூலகத்தோடு ஒப்பிடுவது. சிலர் மரபணுப் பட்டைகளின் வடிவத்தை அடையாளமாகக் கொண்டனர். சிலர் எந்தெந்த எதிருயிரி மருந்துக்கு அந்தப் பாக்டீரியா அசையாமல் நிற்கிறது என்று பார்த்தனர். மனிதக் குடலில் வாழும் பாக்டீரியா அதிக மருந்துகளைச் சந்தித்திருக்கும், காட்டு விலங்கினுடையது சந்தித்திருக்காது என்பது இரண்டாவது முறையின் அடிப்படை.

இந்த அடிப்படை நம் ஊரில் எவ்வளவு தாங்கும்? கோழிப் பண்ணையிலும் மாட்டுத் தொழுவத்திலும் எதிருயிரிகள் புழங்குகின்றன. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடுவதும் நடக்கிறது. மனிதரையும் கால்நடையையும் மருந்து எதிர்ப்புத்திறன் தெளிவாகப் பிரித்துக் காட்டும் என எதிர்பார்ப்பது கடினம்.

நூலக முறைக்குப் பொதுவான குறைகளும் இருந்தன. ஒரே வகை ஈ. கோலை மாட்டிலும் மனிதரிலும் வாழ முடியும். ஓரிடத்து நூலகம் இன்னோரிடத்துக்கு உதவாது. அதே இடத்திலும் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். 2003இல் அமெரிக்காவில் பல ஆய்வுக்கூடங்களுக்கு மூலம் மறைத்த மாதிரிகளை அனுப்பி ஒப்பிட்டபோது, கலக்கப்படாத மூலங்களையும் இருப்பதாக இம்முறைகள் காட்டியது வெளிப்பட்டது. உழைப்பும் செலவும் மிகுந்த இந்த வழி அதற்குப்பின் மெல்ல ஒதுங்கியது.

குடலின் உள்ளூர்வாசிகள்

திருப்பம் 2000ஆம் ஆண்டில் வந்தது. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆன் பெர்னார்டும் கேத்தரின் ஃபீல்டும் ஈ. கோலையை விட்டுவிட்டுப் பாக்டீராய்டுகளின் பக்கம் திரும்பினார்கள். குடலில் ஈ. கோலையைவிடப் பல மடங்கு மிகுந்திருக்கும் கூட்டம் அது. ஆக்சிஜன் பட்டால் பெருகாது. ஆகவே ஓடையில் தென்பட்டால் அண்மையில் கலந்த கழிவு என்று கொள்ள இடமுண்டு. தட்டில் வளர்ப்பது கடினம் என்பதால் முன்பு ஒதுக்கப்பட்டிருந்தது. டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறை வந்தபின் வளர்க்கும் தேவையே இல்லாமல் போயிற்று. நீரை வடிகட்டி, தாளில் தங்கியதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தால் போதும்.

அசைபோடும் விலங்கின் வயிறு ஒருவகை உலகம், மனிதக் குடல் வேறுவகை. அங்கங்கே நெடுங்காலம் வாழ்ந்த பாக்டீராய்டுகளின் 16எஸ் மரபணுவில் சிறு வேறுபாடுகள் படிந்திருக்கின்றன. அவ்வேறுபாடுகளை அடையாளக்குறிகளாகக் கொண்டு, மனிதருக்கு எச்எஃப்183 என்றும் அசைபோடும் விலங்குகளுக்கு சிஎஃப்128 என்றும் அவர்கள் பெயரிட்டார்கள். நூலகம் சேர்க்க வேண்டியதில்லை. குறி இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். இருப்பின் அளவையும் சொல்லும் அளவறி பிசிஆர் வந்தபின் பாக்ஹியூம், பாக்கௌ, கௌஎம்2, பாக்கேன் என்று குறிகள் பெருகின. 2013இல் வெளியான பெரிய ஒப்பீட்டில் 27 ஆய்வுக்கூடங்கள் 41 முறைகளைச் சோதித்தன. எச்எஃப்183 போன்ற சில முறைகள் நன்றாகத் தேறின. ஒன்றுகூடப் பிழையற்றதாக இல்லை.

இம்முறையின் வரம்புகளும் எண்ணத்தக்கவை. டிஎன்ஏ செத்த உயிரணுவிலும் இருக்கும். குறி கிடைத்தால் நோய்க்கிருமி உயிரோடிருக்கிறது என்று பொருளாகாது. வெயிலிலும் சூட்டிலும் குறி எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரு கிராம் சாணத்தில் உள்ள மாட்டுக்குறியின் அளவும் ஒரு கிராம் மலத்தில் உள்ள மனிதக்குறியின் அளவும் சமமல்ல. ஆகவே, கலப்பில் 70 விழுக்காடு மாடு, 30 விழுக்காடு மனிதர் என்று பங்கு பிரித்துச் சொல்லும் அறிக்கைகளைச் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

ஒடிசா சொன்ன பாடம்

இந்தியாவில் இக்கேள்வியைத் தீவிரமாகச் சோதித்த இடம் ஒடிசாவின் கடலோரக் கிராமங்கள். 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஒடகிரி, ஷ்ரீவர் உள்ளிட்டோர் குறிகளையே முதலில் பரிசோதித்தார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருவான பத்துச் சோதனைகளை 30 மனித மல மாதிரிகள், 5 கழிவுநீர் மாதிரிகள், பசு, எருமை, வெள்ளாடு, செம்மறி, நாய், கோழி ஆகியவற்றின் 60 கூட்டு மாதிரிகள் மீது ஓட்டிப் பார்த்தார்கள்.

விளைவு எச்சரிக்கையூட்டியது. ஐந்து மனிதக் குறிச் சோதனைகளில் நான்கு, உண்மையான மனிதக் கழிவில் 17 முதல் 49 விழுக்காட்டை மட்டுமே கண்டுகொண்டன. ஐந்தாவது 89 விழுக்காட்டைக் கண்டது. நாய்க் கழிவிலும், அதைவிட மிகுதியாகக் கோழி எச்சத்திலும் மனிதக் குறி பொய்யாக ஒளிர்ந்தது. கோழியில் அது 60 முதல் 100 விழுக்காடு வரை. கடைசியில் தேர்ந்தது பாக்ஹியூம். அதன் துல்லியமே 67 விழுக்காடுதான். ஆனால் கழிவுநீர் மாதிரிகள் அனைத்தையும் கண்டது, மாட்டுச் சாணத்தில் ஒருமுறைகூட ஏமாறவில்லை. விலங்குப் பக்கத்தில், பாக்கௌ சோதனை இந்தியக் கால்நடைகளைப் பரவலாகக் கண்டது. பசுவுக்கு மட்டுமே உரிய கௌஎம்2 பாதி மாதிரிகளில் தவறியது. நாய்க்கான பாக்கேன் சிறப்பாக வேலை செய்தது.

பொருந்துவது எது என்று தெரிந்தபின்தான் அவர்கள் நீருக்குப் போனார்கள். 24 கிராமங்களில் மழைக்காலத்தில் 123 பொது நீர்நிலைகளும் 137 வீடுகளும் சோதிக்கப்பட்டன. மனிதக் குறி 8 விழுக்காடு குளங்களிலும் 4 விழுக்காடு நிலத்தடிக் குடிநீர் மூலங்களிலும் மட்டுமே இருந்தது. வீடுகளிலோ 45 விழுக்காடு. விலங்குக் குறி 74 விழுக்காடு குளங்களிலும் 96 விழுக்காடு வீடுகளிலும் இருந்தது. வழக்கமான மலக் கோலிஃபார்ம் எண்ணிக்கை இந்த வேறுபாட்டைக் காட்டித்தரவில்லை. குளத்தை மனிதக் கழிவின் பெரும் கிடங்காக நினைத்திருந்த பலருக்கு, பானைத் தண்ணீரையும் தாய், பிள்ளைகளின் கையையும் பாருங்கள் என்று இந்த ஆய்வு சொன்னது.

இதன் பின்னணியில் இன்னொரு செய்தி உண்டு. ஒடிசாவின் பூரி மாவட்டத்து 100 கிராமங்களில் நடந்த கழிப்பறைச் சோதனையின் முடிவைக் கிளாசன் குழு 2014இல் வெளியிட்டது. திட்டம் நடந்த கிராமங்களில் கழிப்பறை வசதி 9 விழுக்காட்டிலிருந்து 63 விழுக்காட்டுக்கு உயர்ந்தும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை. கட்டிய கழிப்பறையை எல்லாரும் பயன்படுத்தவில்லை என்பது ஒரு விளக்கம். விலங்குக் கழிவின் வழியாக வரும் நோயைக் கழிப்பறை தடுக்காது என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து இயங்கியிருக்கலாம். முதல் விளக்கத்தைச் சாக்காக வைத்து இரண்டாவதை மறப்பதும், இரண்டாவதைச் சாக்காக வைத்துக் கழிப்பறையே தேவையில்லை என்பதும் ஒரே அளவு தவறு.

அமிர்திக்குக் கொண்டுவந்தால்

ஒடிசாவின் சமவெளிக் குளத்தில் தேறிய குறி ஜவ்வாது மலை ஓடையிலும் தேறுமா? இங்கேதான் மதிப்பீடு கடினமாகிறது.

பாக்கௌ, சிஎஃப்128 போன்ற குறிகள் அசைபோடும் விலங்குகளின் குடலுக்கு உரியவை. பசுவும் வெள்ளாடும் அசைபோடுகின்றன. மானும் அசைபோடுகிறது. ஊர் ஆடுகளின் புழுக்கை, காட்டுப் புள்ளிமானின் புழுக்கை, பூங்காவில் அடைபட்ட மானின் புழுக்கை மூன்றும் சோதனைக் குழாயில் ஒரே விடையைத் தரக்கூடும். இந்த மூன்றுக்கும் பொறுப்பாளர்கள் வேறு, பரிகாரமும் வேறு. பசுவை மட்டும் பிரித்துக் காட்ட உருவான கௌஎம்2 ஒடிசாவில் பாதி தவறியதைப் பார்த்தோம். அமிர்தியில் எழும் முதன்மையான கேள்விக்கு, அதாவது காடா, ஊரா, பூங்காவா என்பதற்கு, இன்று பரவலாக உள்ள பாக்டீரியா டிஎன்ஏ குறிகள் தனியாக விடை சொல்லா என்றே தோன்றுகிறது. பாக்டீரியாவை விட்டு, குடல் சுவரிலிருந்து உதிர்ந்து கழிவோடு வரும் விலங்கின் சொந்த மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைத் தேடும் முறை இதற்கு உதவலாம். மானையும் ஆட்டையும் அது பிரித்துவிடும். ஆனால் ஓடையில் குளிப்பவரின் தோலிலிருந்தும் எச்சிலிலிருந்தும் அதே வகை டிஎன்ஏ உதிரும் என்பதால், மனிதர் பக்கத்தில் அது ஏமாற்றும்.

மனிதக் குறியிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. பாக்ஹியூம் கழிவுநீரை நன்றாகக் கண்டதற்குக் காரணம், அதில் பலருடைய மலம் கலந்திருப்பது. தனி மனித மாதிரிகளில் அது தடுமாறியது. சாக்கடையே இல்லாத, சில பத்து வீடுகள் கொண்ட மலையூரில் கலப்பது சிலருடைய கழிவாகவே இருக்கும். அங்கே மனிதக் குறி கிடைக்கவில்லை என்றால் மனிதக் கழிவு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. மறுபுறம், நாட்டுக்கோழி மேயும் கரையில் மனிதக் குறி ஒளிர்ந்தால் அது கோழி எச்சமாக இருக்கவும் வாய்ப்புண்டு. குரங்குகள் இருக்கும் இடத்தில் அவற்றின் கழிவையும் சோதித்துப் பார்க்காமல் மனிதக் குறியை நம்புவது துணிச்சலான செயல்.

காலமும் இடமும் மூன்றாவது சிக்கல். மலை ஓடை குளம்போல் தேங்கி நிற்பதில்லை. மழை பெய்த முதல் சில மணி நேரத்தில் சரிவிலுள்ள எல்லாம் ஒருசேர அடித்து வருகிறது; அப்போது எடுத்த மாதிரியும் நான்கு நாள் கழித்து எடுத்த மாதிரியும் வேறு வேறு ஓடைகளைப்போல் இருக்கும். கோடையில் ஓடை மடுக்களாகச் சுருங்கி, நீர் தேடி விலங்குகள் அங்கேயே கூடுகின்றன. பூங்காவுக்கு மேலும் கீழும், ஊருக்கு மேலும் கீழும், மழைக்கு முன்னும் பின்னும் என்று மாதிரி எடுத்தால், குறியால் பிரிக்க முடியாத சிலவற்றை இடத்தைக் கொண்டே பிரித்துவிடலாம். நுட்பமான கருவியைவிட எங்கே, எப்போது நீர் மொண்டோம் என்பது பல வேளைகளில் அதிகம் சொல்லும். ஓடையின் போக்கையும் மேய்ச்சல் தடத்தையும் அறிந்த மலையூர்க்காரர்கள் இல்லாமல் அந்த இடங்களைத் தேர்வு செய்ய இயலாது.

விலங்குக் கழிவு என்றால் ஆபத்து குறைவா?

மூலம் தெரிந்தபின் எழும் கேள்வி இது. மனித மலத்தில்தான் மனித நோய் இருக்கும், மாட்டுச் சாணம் தீங்கற்றது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக உண்டு. வாசல் தெளித்து, தரை மெழுகிப் பழகிய பண்பாட்டில் அது இயல்பே. டைஃபாய்டு, காலரா, போலியோ போன்ற நோய்களைப் பொறுத்தவரை அவ்வெண்ணத்தில் உண்மையும் இருக்கிறது. ஆனால் கனடாவின் வாக்கர்டனில் 2000 மே மாதம் பெருமழைக்குப்பின் பண்ணைச் சாணம் குடிநீர்க் கிணற்றில் கலந்ததில் 7 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள். பண்ணை உரிமையாளர்மேல் குற்றமில்லை என்றும், குளோரின் கலப்பையும் கண்காணிப்பையும் சரியாகச் செய்யாததே தவறு என்றும் விசாரணை கூறியது. 2016இல் நியூசிலாந்தின் ஹாவ்லாக் நார்த் ஊரில் செம்மறி மந்தையின் கழிவிலிருந்து கேம்பிலோபேக்டர் என்ற பாக்டீரியா பரவி ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் படுக்கவைத்தது.

எதிர்த்திசையிலும் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993இல் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி கலந்த குடிநீரால் சுமார் 4,03,000 பேர் பாதிக்கப்பட்டபோது சந்தேகம் முதலில் கால்நடைகள்மேலும் விழுந்தது. சேமித்து வைத்த மாதிரிகளின் மரபணுவைப் பின்னர் படித்தபோது அது மனிதரிடையே பரவும் வகை என்று தெரிந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நகர்ப்புற ஏழைக் குடியிருப்புகளின் குழந்தைகளிடம் கண்ட கிரிப்டோஸ்போரிடியத்திலும் பெரும்பான்மை மனிதருக்குரிய ஹோமினிஸ் வகையே. நெருக்கமான குடியிருப்பில் கிடைத்த அம்முடிவை, ஆடுமாடுகளோடு வாழும் மலையூருக்கு அப்படியே நீட்டுவதற்கில்லை.

2010இல் சோலர் குழு செய்த கணிப்பு இங்கே நடுநிலையான அளவுகோலாகிறது. குளிக்கும் நீரில் புதிதாகக் கலந்த மாட்டுக் கழிவின் ஆபத்து மனிதக் கழிவுக்கு ஏறத்தாழ இணையாக இருக்கலாம்; கோழி, பன்றி, கடற்காக்கை ஆகியவற்றினால் அது கணிசமாகக் குறைவு என்றது அது. காட்டு மானைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்லச் சான்றுகள் போதா.

நம் விதிகள் இந்த வேறுபாட்டுக்குள் நுழைவதில்லை. குடிநீருக்கான ஐஎஸ் 10500:2012 தரப்படி 100 மில்லிலிட்டரில் ஈ. கோலை அறவே இருக்கக்கூடாது. குளிக்கும் நீருக்கான மத்திய அளவுகோலில் மலக் கோலிஃபார்ம் 500க்குள் இருப்பது விரும்பத்தக்கது, உச்ச வரம்பு 2,500. மூலம் தெரியாத நிலையில் எல்லாக் கழிவையும் ஆபத்தாகவே கொள்ளும் இந்தப் போக்கு பாதுகாப்பானது. ஆனால் எண்ணிக்கை மீறியபின் எதைச் சரிசெய்வது என்பதற்கு அதில் வழிகாட்டல் இல்லை.

இன்னும் திறந்திருப்பவை

குறிகளைத் தாண்டிச் செல்லும் முயற்சிகளும் நடக்கின்றன. ஓடையின் பாக்டீரியாச் சமூகம் முழுவதையும் வரிசைப்படுத்தி மூலங்களோடு ஒப்பிடும் சோர்ஸ்டிராக்கர் மென்பொருள் 2011இல் வந்தது. மனிதக் குடலில் வாழும் கிராஸ்ஃபேஜ் என்ற வைரஸ் 2014இல் அடையாளம் காணப்பட்டு, புதிய மனிதக் குறியாகச் சோதிக்கப்படுகிறது. முன்னது பழைய நூலகத்தின் சுமையைப் புதிய உருவில் திரும்பக் கொண்டுவருகிறது. பின்னது எல்லா நாட்டு மக்களிடமும் ஒரே அளவில் இருக்குமா என்ற கேள்வி தொடர்கிறது. இரண்டுமே உள்ளூர்ச் சோதனையைத் தேவையற்றதாக்கிவிடவில்லை.

இதுவரையிலான சான்றுகளைக் கூட்டிப் பார்த்தால், பாக்டீரியா டிஎன்ஏ முறை எண்ணிக்கை முறையைவிடப் பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. மனிதரா, கால்நடையா என்ற கேள்விக்கு, உள்ளூரில் சோதித்துத் தேர்ந்த குறிகளைக் கொண்டு ஓரளவு நம்பத்தக்க விடை பெறலாம். ஊர் ஆடா, காட்டு மானா என்ற கேள்விக்கு அவ்வாறு இல்லை. வெப்பமண்டல மலை ஓடையில் குறிகள் எத்தனை நாள் தாங்கும், படுகை வண்டலில் தங்கி மீண்டும் எழுமா, குறியின் அளவுக்கும் நோயின் அளவுக்கும் உள்ள உறவு என்ன என்பவை தீராதவை.

ஜவ்வாது மலையில் இப்பணியைத் தொடங்குவோர் நீரை மொள்ளுமுன் அந்த மலையின் சாணத்தையும் புழுக்கையையும் எச்சத்தையும் மலத்தையும் சேகரித்து, குறிகளை அவற்றின்மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒடிசாவில் அதற்குத் தேவைப்பட்டவை நூறுக்கும் குறைவான மாதிரிகளே. அந்த வேலை முடியுமுன் மலையூர்களின் ஆடுமாடுகள்மேல் பழி சுமத்தும் எந்த அறிக்கையையும் மேய்ச்சல் தடைக்கான ஆதாரமாக ஏற்கக்கூடாது. அருவிக்குப் போகிறவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கலந்தது யாருடைய கழிவாக இருந்தாலும், நன்றாகக் கொதிக்க வைத்த நீரில் இக்கிருமிகள் பிழைப்பதில்லை; ஓடை நீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம், பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.